இரண்டு மணிகளும் ஒரு செயப்படுபொருளும்

ஒரு நிமிடம். அந்த டேப்பை மடக்கி வைத்துவிட்டு இந்த நாற்காலியில் உட்காருங்கள். அறை எங்கும் ஓடிவிடாது. நேற்றும் இதே அகலம்தான், நாளையும் இதே அகலம்தான். உங்கள் பெயர் மருதாசலம் என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல பெயர். இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பீர்கள். இருந்தாலும் நல்ல பெயர்.

நீங்கள் உள்ளே வந்ததும் பால்கனியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "இத்தனாம் பெரிய கூண்டு சும்மா கெடக்குது, கிளிகளை எதுக்குங்க ரெண்டு சின்னக் கூண்டுல அடைச்சு வெச்சிருக்கீங்க, எல்லாத்தையும் ஒண்ணா உட்டர்லாமே" என்றீர்கள். போகிறபோக்கில் கேட்டீர்கள். இந்த வீட்டில் அது போகிறபோக்கில் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. நாங்கள் ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுப் பார்த்தோம். அதனால்தான் இன்று இந்த அறைக்கு நடுவே தடுப்பு போட நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பார்ட்டிஷன் என்று சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை அப்படித்தான் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குப் பாகப்பிரிவினை என்றும் பொருள் உண்டு. தடுப்பு என்று சொல்லுங்கள்.

ஜன்னல் பக்கக் கட்டில் என்னுடையது. கதவுப் பக்கக் கட்டில் என் சம்பந்தியுடையது. சம்பந்தி என்றால் மாப்பிள்ளை விமலின் அப்பா, நாச்சிமுத்து. இரண்டு பேருக்கும் மனைவி இல்லை. நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தவன். அவர் ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் ஒரு மூலையில், இவர் ஒரு மூலையில் தனித்தனியாக எதற்கு என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, இந்த ஃப்ளாட்டை வாங்கியதும் இரண்டு பேரையும் இந்த அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் நடக்கிற காரியங்களில்தான் யாரும் அளவெடுப்பதில்லை.

எனக்குக் கிளி உண்டு. அவருக்கும் கிளி உண்டு. இங்கே ஒரு சொல்லை நான் விளக்க வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

தமிழ்நாட்டில் விற்கிறவர், வாங்குகிறவர், வளர்க்கிறவர் அத்தனை பேரும் ஒரு சின்ன ஆஸ்திரேலியக் கிளியை 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்கிறார்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று இருக்குமே, அதுதான். கூண்டில் ஒன்றே ஒன்று இருந்தாலும் லவ் பேர்ட்ஸ்தான், பன்மையில்தான். உண்மையில் அதன் பெயர் பட்ஜெரிகர். லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. இது எனக்கு நூலக நாட்களிலிருந்தே தெரியும். என் கூண்டைப் பார்த்து யாராவது "லவ் பேர்ட்ஸா சார்?" என்று கேட்டால் திருத்திவிடுவேன். கும்பகோணத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் திருத்தினேன். அதன் பிறகு அவர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

என்னிடம் மூன்று பட்ஜெரிகர்கள். பெயர் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 'பூனை எலியைப் பிடித்தது' என்றால் பூனை எழுவாய், பிடித்தது பயனிலை, எலி செயப்படுபொருள். எலியின் நிலைமை உங்களுக்கே தெரியும். ஆனால் பெயர் வைத்தபோது நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அந்த நீலக் கிளிக்கு வரிசையில் மூன்றாவது பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

இங்கே குடிவருவதற்கு முன்னால் சம்பந்தி போன் செய்தார். மில் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும்.

"ஏனுங் சம்பந்தி, நம்மகிட்டயும் ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் இருக்குதுங்க. கொண்டாந்தர்லாங்களா?"

"தாராளமாக. ஆனால் அது லவ் பேர்ட்ஸ் இல்லை சம்பந்தி. பட்ஜெரிகர்."

"அப்படிங்களா? கடைக்காரன் லவ் பேர்ட்ஸ்னு சொல்லித்தானுங்க குடுத்தான்."

"எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'வைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் எது சொன்னாலும் சரிங்க என்பார். சரி என்று சொல்லிவிட்டுச் செய்ததையே மறுபடி செய்வார். ஜன்னலைச் சாத்தாதீர்கள் என்றால் சரிங்க. சாத்தியிருக்கும். என் பெண் பெயர் இளவேனில். அவர் 'வேணி' என்று கூப்பிடுவார். வேணி என்றால் சடை, சம்பந்தி, என் பெண்ணின் பெயர் வசந்த காலம், சடை இல்லை, ரெண்டு சுழி ன போட வேண்டும் என்று சொல்வேன். சரிங்க என்பார். என்றுவிட்டு, "வேணி கண்ணு, ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டா சாமி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். மறுத்துப் பேசுகிற ஆளோடு வாழ்ந்துவிடலாம். ஒப்புக்கொள்கிற ஆளோடு முடியாது.

அவர் வந்து இறங்கினார். கூண்டின் மேல் துண்டு போர்த்தியிருந்தார். துண்டை எடுத்தால் பச்சையாக இரண்டு. கழுத்தே இல்லாமல் கட்டையாக, வாலை யாரோ நறுக்கிவிட்ட மாதிரி, அலகு பாக்குவெட்டி மாதிரி. முகம் மட்டும் வெற்றிலை போட்டு வழியவிட்டதுபோல் ஆரஞ்சு நிறம்.

"மாமா, இது உங்களோடது மாதிரி இல்லையே?" என்றார் மாப்பிள்ளை.

"வளர்ப்புப் பறவைகளில் நிற வேறுபாடு உண்டு" என்றேன்.

"வாலு?"

"வால் வேறுபாடும் உண்டு."

சம்பந்தியிடம் பெயர் கேட்டேன். மணி என்றார். இன்னொன்று? அதுவும் மணிதான் என்றார். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றேன். "கூப்பிட்டா ரெண்டுமே வருமுங்க. தனித்தனியாக் கூப்பிட்டு என்ன பண்றது?" என்றார். நூலகத்தில் இரண்டு புத்தகங்களுக்கு ஒரே பதிவெண் போட்டிருந்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

இந்தப் பால்கனியில் துணி உலர்த்தவும் வேண்டும், இரண்டு கூண்டுக்கு இடமில்லை. மாப்பிள்ளை ஒரு வெல்டரைப் பிடித்து அந்தப் பெரிய கூண்டைச் செய்ய வைத்தார். என் பெண் கேட்டாள், "ரெண்டும் லவ் பேர்ட்ஸ்தானேப்பா, ஒண்ணா விட்டா என்ன?"

"பட்ஜெரிகர்" என்றேன்.

"சரி, ரெண்டும் பட்ஜெரிகர்தானே, ஒண்ணா விட்டா என்ன?"

என் சொல்லை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். என் பெண் அல்லவா. எனக்கும் மறுக்கக் காரணம் இல்லை. நூலகத்தில் பறவை என்றால் வகை எண் 598. மயிலும் 598, மைனாவும் 598, கிளிகளும் 598. எல்லாம் ஒரே அலமாரியில் சேர்ந்தே நின்றன. ஒரு புத்தகமும் பக்கத்துப் புத்தகத்தின் காலைக் கடித்து நான் பார்த்ததில்லை.

சம்பந்தியைக் கேட்டோம். அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "என்னுது சாதுங்க. உங்களுதுதான் ஓயாமக் கத்தீட்டே இருக்குது. சேத்து உட்டா என்னுதைப் பாத்து அதுகளும் அடங்கீருமுங்க" என்றார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், மருதாசலம். இதை இப்போது யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

சேர்த்துவிட்டோம். முதல் சில நாள் மணிகள் இரண்டும் மேல்கம்பியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடைய மூன்றும் கீழே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒற்றுமை என்று நினைத்தோம்.

பிறகு ஒரு மத்தியானம். நான் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்ப்பேன். சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, சம்பந்திக்குப் படித்தும் காட்டுவேன். அவர் சரிங்க என்பார். அன்று ஒரு தலைப்பில் ஒற்று மிகவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பால்கனியில் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் செயப்படுபொருள் கூண்டின் தரையில் கிடக்கிறது. ஒரு மணி மேலே உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. செயப்படுபொருளின் காலில் ஒரு விரல் இல்லை.

சம்பந்தி உள்ளே ஓடி மஞ்சள்தூள் கொண்டுவந்து அப்பினார். மஞ்சள் கூடாது, சோளமாவுதான் ரத்தத்தை நிறுத்தும் என்று நான் படித்திருக்கிறேன். சமையலறையில் டப்பாக்களுக்கு மேல் பெயர் எழுதும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை. கைக்குக் கிடைத்ததைத் தூவினேன். அது கடலைமாவு என்று பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் பூசி, கடலைமாவு தூவி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆட்டோக்காரர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"டாக்டர்கிட்டத்தானுங்களே போறீங்க?" என்றார்.

பறவை பார்க்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண். மாவையெல்லாம் துடைத்து, கட்டுப்போட்டு, கடித்தது எது என்று கேட்டாள். சம்பந்தி போனில் மணிகளின் படத்தைக் காட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது பட்ஜீஸ். அது ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். ரெண்டையும் ஒரே கூண்டுல போடவே கூடாது. கூண்டை ஒட்டி வெச்சாக்கூட கம்பி வழியா விரலைக் கடிச்சிரும். யார் சேத்து விட்டது?"

"மாப்பிள்ளை" என்றேன் நான்.

"பையன்" என்றார் அவர்.

ஒரே ஆள்தான். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

திரும்பியும் ஆட்டோவில்தான் வந்தோம். சிக்னலில் நின்றபோது சம்பந்தி வெளியே பார்த்தபடி, "அப்ப என்னுது லவ் பேர்ட்ஸ்தானுங்களா?" என்றார்.

அது கேள்வி இல்லை, மருதாசலம். கேள்வியின் வேஷத்தில் வந்த பதில்.

அதோடு விட்டாரா? வாசலில் வாட்ச்மேனிடம் சொன்னார். இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னார். லிப்டில் வந்த மூன்றாம் மாடி அம்மாளிடம் சொன்னார். "லவ் பேர்ட்ஸ்தானுங்களாமா. டாக்டரம்மாவே சொல்லீட்டாங்க." என்னைக் குறை சொல்லவில்லை. என் பெயரையே எடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. பெயரை எடுத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நாடு முழுக்க ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டால், தப்பு யாருடையது? சொல்லுடையது. நான் சொன்ன விதி சரி. அவர் ஒரு விதிவிலக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கிளிகளை மறுபடி இரண்டு கூண்டாகப் பிரித்தோம். மணிகளுக்குப் பறக்க இடம் வேண்டும் என்று அவர் சாயங்காலத்தில் கதவைச் சாத்திவிட்டு இந்த அறையில் திறந்துவிடுவார். அதில் ஒரு மணிக்குக் காகிதம் கிழிக்கிற வித்தை தெரியும். ரிப்பன் மாதிரி நீளநீளமாகக் கிழித்து, முதுகுப் பக்கத்து இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். அந்த இனத்தில் பெண் பறவை கூடு கட்ட அப்படித்தான் கொண்டுபோகுமாம். என் அகராதியின் கடைசியில் பிழைதிருத்தப் பக்கம் ஒன்று இருந்தது. இப்போது அகராதியில் பிழைகள் இருக்கின்றன, திருத்தம் இல்லை. சம்பந்தியிடம் காட்டினேன். "நல்ல வேளைங்க, கடேசிப் பக்கம்தான்" என்றார்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தால் இதெல்லாம் இருக்கும். நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஏன் திடீரென்று கிளம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா பாருங்கள்.

தாராபுரத்திலிருந்து அவருடைய தம்பி கருப்பசாமி வந்திருந்தார். ஹாலில் உட்கார்ந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு கிளிகளுக்கு வந்தது. டாக்டரம்மா சொன்னதைச் சம்பந்தி மறுபடி சொல்லி முடித்தார். தம்பி கேட்டார், "அதென்னண்ணா ரெண்டுக்கும் மணின்னு பேரு?"

சம்பந்தி டம்ளரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சொன்னார். "உங்கண்ணி ருக்குமணி போனதுக்கப்பறம் வாங்குனதுடா. ருக்குன்னு வெக்கலாம்னு பாத்தேன். கூப்பிட வாய் வரல. மிச்சம் இருந்ததை வெச்சுட்டேன்."

அதுவரை எனக்கு அந்த விவரம் தெரியாது. ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "ருக்குமணி என்று ஒரு பெயர் கிடையாது, சம்பந்தி. அது ருக்மிணி. ருக்கு என்றும் மணி என்றும் அதைப் பிரிக்க முடியாது. பிரித்தால் மணி வராது."

ஒரு தகவல். அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒருவகைத் திருட்டு என்று நினைப்பவன் நான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக்கு மேல் காபி இருந்தது. சூடு குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சரிங்க என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நின்றார். "தாராபுரத்துல ஒரு கண்ணாலமுங்க. போயிட்டு வந்தர்றேன்."

"கல்யாணம்" என்றேன்.

"ஆமாங்க" என்றுவிட்டுத் தம்பியோடு போய்விட்டார்.

எவ்வளவு பெரிய கல்யாணமாக இருந்தாலும் ஒருநாள் பந்தலைப் பிரிப்பார்கள். இவர் போன கல்யாணத்தில் பிரிக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. மாப்பிள்ளை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மரியாதை குறையவில்லை. சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்பார். பதிலை எதிர்பார்க்காமல் போய்விடுவார். இஸ்திரிக்காரர், "பெரியவர் ஊர்லயே தங்கீட்டாருங்களா?" என்று என்னைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துக் கேட்டார். மூன்றாம் மாடி அம்மாள் லிப்டில் ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், பையனைப் பெற்றவன் வெளியே போய்விட்டான் என்பது அந்த அம்மாளின் முகத்தில் அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு பிழைகூட இல்லாமல்.

என் பெண் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, இது அவரு பையன் வீடுப்பா."

நான் அதில் எழுவாய் எது, பயனிலை எது என்று பார்க்கவில்லை. பொருள் தெரிந்துவிட்டது. கும்பகோணத்தில் இருந்தது வாடகை வீடு. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அவர் திரும்பி வராவிட்டால் நானும் இங்கே இருக்க முடியாது. போவதற்கும் இடம் கிடையாது. சம்பந்தியின் மனைவி பெயரையும் அவள் எடுத்தாள். "அவங்களுக்கு அதுதான்பா பேரு" என்றாள். பெயர் அதுவாக இருக்கலாம், சொல் இது என்றேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இதற்கு நடுவே மணிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். தம்பி வீட்டில் பூனை இருக்கிறதாம். தினை வைத்தேன். சூரியகாந்தி விதை வைத்தேன். கொய்யாப்பழம் நறுக்கி வைத்தேன். இரண்டும் இறகை உப்பிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அவர் ஒரு சீட்டி அடித்துத்தான் சாப்பாடு வைப்பார். மில்லில் சத்தத்துக்கு நடுவே ஆளைக் கூப்பிட அடிக்கிற சீட்டியாம் அது. எனக்குச் சீட்டி வராது. அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. நூலகத்தில் வேலை பார்த்தவன் சீட்டி எங்கே கற்றுக்கொள்வது? தள்ளி வைத்திருந்த கூண்டிலிருந்து செயப்படுபொருள் ஒற்றைக்கால் போட்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் மற்ற இருவரும் ஆபீஸ் போயிருந்தார்கள். போனை எடுத்தேன். யார் முதலில் கூப்பிடுவது என்று ஒரு முறை இருக்கிறது. போனவர்தான் கூப்பிட வேண்டும். ஆனால் பறவைக்கு முறை தெரியாதே. கூப்பிட்டேன்.

"சொல்லுங் சம்பந்தி" என்றார். குரலில் பாதிதான் இருந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது.

"உங்கள் லவ் பேர்ட்ஸ் சாப்பிட மாட்டேன் என்கின்றன."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"எதுங்க?" என்றார். "பட்ஜெட்டுகருங்களா?"

பட்ஜெட்டுகர் என்றுதான் சொன்னார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. நான் திருத்தவில்லை.

"இல்லை சம்பந்தி. லவ் பேர்ட்ஸ்."

அவர் தொண்டையைச் செருமினார். "போனைக் கூண்டுகிட்ட கொண்டு போங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கொண்டுபோனேன். தாராபுரத்திலிருந்து சீட்டி வந்தது. ஒரு மணி தலையைத் திருப்பியது. இன்னொரு மணி இறங்கி வந்து போனையே கடித்தது. பிறகு இரண்டும் சாப்பிட ஆரம்பித்தன.

அன்றிலிருந்து காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கூப்பிடுகிறேன். கிளிகளுக்காகத்தான். ஆனால் கிளி சாப்பிட்டதும் போனை வைத்துவிடுவது மரியாதை இல்லை அல்லவா? கொஞ்சம் பேசுவோம். தாராபுரத்தில் மழை என்பார். இங்கே இல்லை என்பேன். தம்பி சம்சாரம் குழம்பில் புளியைக் கொட்டுகிறாள் என்பார். செய்தித்தாளில் பார்த்த பிழையைச் சொல்வேன். சரிங்க என்பார். ஒருநாள் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். "இன்னைக்கு ஒண்ணுமே தப்பில்லீங்களா?" என்று கேட்டார்.

போன வாரம் மாப்பிள்ளை என்னிடம் வந்து உட்கார்ந்தார். "மாமா, அப்பா வர்றேன்னு சொல்லிட்டார். ஆனா ரூம்ல நடுவுல ஒரு பார்ட்டிஷன் போட்டாத்தான் சரிப்படும்னு நெனைக்கிறார்."

"அவரே கேட்டாரா?"

"யார் கேட்டா என்ன மாமா."

சரி என்றேன். அன்று சாயங்காலம் கிளிகளுக்குச் சீட்டி முடிந்த பிறகும் என்னால் மழையைப் பற்றிப் பேச முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. இன்று காலையில் அவரே ஆரம்பித்தார்.

"தடுப்பு போட ஆள் வர்றாப்டியாமுங்க?"

"ஆமாம். நீங்கள் விரும்பியபடி."

"நானுங்களா? நீங்கதான் கேட்டீங்கன்னு பையன் சொன்னானுங்க."

 இல்லை, நான் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாப்பிள்ளை பொய் சொன்னதாகிவிடும். பையன் வீட்டில் இருந்துகொண்டு பையனைப் பொய்யனாக்கக் கூடாது. அவரும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

"போட்டா நல்லதுதானுங்க" என்றார்.

"நல்லதுதான்" என்றேன்.

ஆக, இரண்டு பேரும் கேட்காத தடுப்பு இரண்டு பேர் சம்மதத்தோடும் வருகிறது. நாளைக்குக் காலை பஸ்ஸில் அவர் வருகிறார். அதற்குள் நீங்கள் முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். முடியுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உயரத்தை மாப்பிள்ளை சொல்லக் கூடாது. இந்த அறையில் அவர் படுப்பதில்லை.

மேலே தளம் வரைக்கும் என்று சொன்னாரா? வேண்டாம். ஃபேன் என் பக்கத்தில் இருக்கிறது. தளம் வரை பலகை போனால் அவர் பக்கம் காற்று போகாது. அவருக்கு வேர்த்தால் எழுந்து ஜன்னலைத் திறக்க என் பக்கம் வருவார். வந்தால் பேச்சு வரும். தடுப்பின் நோக்கம் கெட்டுவிடும். அதனால் சொல்கிறேன்.

படுத்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக் கூடாது. அது தடுப்பின் கடமை. அதைச் செய்யட்டும். உட்கார்ந்தால் தெரிய வேண்டும். செய்தித்தாளில் ஒற்று விட்டுப்போனால் நான் பலகையைப் பார்த்தா சொல்வது?

ஆமாம், உட்கார்ந்த உயரத்துக்கு. எடுத்துக்கொள்ளுங்கள் டேப்பை. என்னை எதற்கு அளக்கிறீர்கள்? நான் நெட்டை. என் உயரத்துக்கு வைத்தால் என் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அவர் குட்டை. அவர் அந்தப் பக்கம் இருக்கிறாரா, தாராபுரத்துக்குப் போய்விட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் உயரத்துக்கு எடுக்க வேண்டும்.

அவர் வந்த பிறகு எடுத்தால் காரியம் கெட்டுவிடும். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் உங்க இஷ்டமுங்க என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் தள்ளுங்கள். அவர் கட்டிலில் நானே உட்கார்ந்து காட்டுகிறேன். அவர் நிமிர்ந்து உட்கார மாட்டார். காலை இப்படித் தொங்கவிட்டுக்கொண்டு, கையை முட்டியில் ஊன்றி, முதுகை இப்படி வளைத்து. இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும். பொறுங்கள். தோள் இதைவிடக் கீழே இருக்கும்.

ம். இவ்வளவுதான் அவர். கண்ணுக்குக் கீழே கோடு போடுங்கள். நான் அசையாமல் இருக்கிறேன்.